காணொலியில் வராத மாடு

ஆப்பிரிக்காவைப் பற்றிப் பாடம் நடத்தக் காணொலி தேடினால் இரண்டு குவியல்கள் கிடைக்கும். ஒன்றில் சிங்கம், யானை, ஆற்றைக் கடக்கும் வில்டபீஸ்ட் என்ற பெரிய மான்வகைக் கூட்டம். மருந்துக்கும் ஒரு மனிதர் இருக்க மாட்டார். இன்னொன்றில் பேரரசுகள், அடிமை வணிகம், 1884–85 பெர்லின் மாநாடு. அதில் புல்லோ மரமோ விலங்கோ இருக்காது. பாடநூலும் பெரும்பாலும் அப்படித்தான் பிரிந்து கிடக்கிறது. காட்டுயிர் புவியியலுக்குப் போய்விடும், மனிதர் வரலாற்றுக்குப் போய்விடுவார்கள்.

சமூக அறிவியல் ஆசிரியை என்பதால் இரண்டையும் நானே நடத்துகிறேன். அது எனக்குக் கிடைத்த வசதி. ஒரே நிலத்தின் கதையை இரண்டாக வெட்டிக் கொடுத்தால் பிள்ளைகள் மனதில் என்ன தங்குகிறது என்பதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். ஆளே இல்லாத ஒரு பெருவெளி, எப்போதும் இப்படியே இருந்து வந்த ஒரு மிருகக்காட்சி. ஏறத்தாழ மூன்று கோடி சதுர கிலோமீட்டர் பரப்பும் 54 நாடுகளும் கொண்ட கண்டம் அப்படிச் சுருங்கிப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. அதனால் இரண்டு குவியல்களிலிருந்தும் துண்டுகளை எடுத்து, ஒன்றோடொன்று உரசும்படி அடுத்தடுத்துக் காட்டத் தொடங்கினேன். அவற்றை இணைக்கும் நூலாக எனக்குக் கிடைத்தது மாடு.

பாடத்தைச் சகாராவில் தொடங்குகிறேன். அல்ஜீரியாவின் தசிலி நஜ்ஜேர் மலைப்பகுதியில் 15,000க்கும் மேற்பட்ட பாறை ஓவியங்களும் செதுக்குகளும் இருக்கின்றன. ஒலியை அணைத்துவிட்டு அவற்றைப் பற்றிய இரண்டு நிமிடக் காட்சியை ஓட்டுவேன். ஒட்டகச்சிவிங்கி, யானை, பிறகு வரிசை வரிசையாக மாடுகள், மாடுகளுக்குப் பக்கத்தில் மனிதர்கள். சுற்றிலும் மணலும் பாறையும் மட்டும். “இந்த மாடு எதைத் தின்னுச்சு?” என்று மட்டும் கேட்பேன். புல் இருந்திருக்க வேண்டும், புல் இருந்தால் மழை பெய்திருக்க வேண்டும் என்று அவர்களே வந்து சேர்வார்கள். சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,000 ஆண்டுகளுக்கு முன்புவரை சகாராவின் பெரும்பகுதி ஏரிகளும் புல்வெளியுமாக இருந்ததை நான் அதற்குப் பிறகுதான் சொல்வேன். பாறையில் வரைந்த ஒரு விலங்கே வரலாற்றுச் சான்றாக நிற்பதை முதல் நாளிலேயே அவர்கள் பார்த்துவிட வேண்டும் என்பது என் விருப்பம். அது நடந்துவிட்டால் மீதிப் பாடம் தானாக நகரும்.

அடுத்து மாரா ஆறு. இதைக் காட்டாமல் இருக்க முடியாது. பிள்ளைகள் காத்திருப்பதே இதற்குத்தான். சுமார் 13 லட்சம் வில்டபீஸ்ட்களும், வரிக்குதிரைகளும் சிறுமான்களுமாகச் சில லட்சமும், மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுக்க செரங்கெட்டி, மாசாய் மாரா புல்வெளிகளைச் சுற்றி வருகின்றன. வட்டத்தின் பெரும்பகுதி தான்சானியாவில், சிறு பகுதி கென்யாவில். ஆற்றைக் கடக்கும் காட்சிக்கு முன்பே, “இதுல சில விலங்கு சாகும். பார்க்க முடியலைன்னா தலையைக் குனிஞ்சுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று சொல்லிவிடுவேன். ஓரிருவர் குனிவார்கள். அவர்களைப் பார்த்துச் சிரிக்க மற்றவர்களை விடமாட்டேன்.

ஒருமுறை முழுவதும் ஓடவிட்டுப் பிறகு அதே காட்சியை ஒலியில்லாமல் ஓட்டுவேன். இசையும் வர்ணனையும் போனதும் வகுப்பு வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பிக்கிறது. கேமரா எந்தக் கரையில் நிற்கிறது? இப்போது கரை ஏறிய விலங்கும் சற்று முன் தண்ணீரில் குதித்த விலங்கும் ஒன்றுதானா? வெயில் ஒரு காட்சியில் இடப்பக்கமும் அடுத்ததில் வலப்பக்கமும் விழுவது ஏன்? பல நாள் எடுத்த காட்சிகளைக் கோத்து ஒரே கடத்தலாக ஆக்குவது இந்தத் துறையில் வழக்கம். தொலைவிலிருந்து பெரிய லென்ஸில் எடுப்பதால் காலடி ஓசை, மெல்லும் ஓசை போன்றவற்றை ஸ்டூடியோவில் சேர்ப்பதும் உண்டு. இதைப் பொய் என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ஒருவர் தேர்ந்தெடுத்துக் கட்டிய கதை இது, எதை வைத்தார் எதை விட்டார் என்று கேளுங்கள் என்கிறேன்.

விடுபட்டதில் ஒன்று முதலைக் கணக்கு. காட்சியைப் பார்த்தவர்கள், இறப்பதில் பெரும்பகுதி முதலை வாயில்தான் போகிறது என்று நினைப்பார்கள். ஆய்வாளர்கள் எண்ணிப் பார்த்தபோது ஆண்டுக்குச் சராசரியாக 6,250 வில்டபீஸ்ட் உடல்கள் மாரா ஆற்றில் சேர்வது தெரிந்தது. மூழ்கியும் மிதிபட்டும் செத்தவையே அதிகம். அந்த இறைச்சியில் முதலைகள் தின்றது ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கு. மற்றதைப் பிணந்தின்னிக் கழுகுகளும் மீன்களும் பூச்சிகளும் நுண்ணுயிர்களும் எடுத்துக்கொள்கின்றன. எலும்புகள் ஆற்றடியில் கிடந்து பல ஆண்டுகள் கரைந்து தண்ணீருக்குச் சத்தாகின்றன. இந்த எலும்புச் செய்தி பிள்ளைகளை முதலையை விட அதிகமாக இழுக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தேர்வுத்தாளில் கேட்காமலேயே எழுதி வைக்கிறார்கள்.

இந்த இடத்தில் மாட்டை மறுபடி கொண்டுவருவேன். தசிலிப் பாறையில் அத்தனை மாடுகள் இருந்தனவே, இந்தப் புல்வெளியில் ஏன் ஒன்றுகூட இல்லை?

விடை 1880களின் கடைசியில் இருக்கிறது. அப்போது ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் வடகிழக்குப் பகுதிக்குள், மாடுகளைக் கொல்லும் வெக்கை நோய் (rinderpest) நுழைந்தது. எரித்ரியாவில் இறங்கிய இத்தாலியப் படைக்காகக் கப்பலில் வந்த மாடுகளோடு அது வந்தது என்பது பரவலான கருத்து. பத்து ஆண்டுகளுக்குள் கண்டத்தின் தென்முனை வரை போய்விட்டது. பல இடங்களில் பத்தில் ஒன்பது மாடுகள் செத்தன. எத்தியோப்பியாவில் உழ எருது இல்லாமல், வறட்சியும் சேர்ந்து, 1888 முதல் 1892 வரை கொடும் பஞ்சம். பாலையும் இரத்தத்தையும் இறைச்சியையும் நம்பி வாழ்ந்த மாசாய் மக்களுக்குப் பசியோடு பெரியம்மையும் வந்து சேர்ந்தது. வெக்கை நோய் பிளவுபட்ட குளம்புள்ள காட்டு விலங்குகளையும் விடவில்லை. எருமைகளும் வில்டபீஸ்ட்களும் கூட்டங்கூட்டமாக விழுந்தன.

மேய்க்க ஆளும் மேய மாடும் இல்லாமல் போனதும் புல்வெளிகளில் புதர் ஏறியது. புதரோடு செட்சி ஈ வந்தது, ஈயோடு தூக்க நோய் வந்தது, எஞ்சியிருந்தவர்களும் ஊரைவிட்டு விலகினார்கள். பெர்லினில் ஆப்பிரிக்கர் ஒருவரைக்கூட உட்கார வைக்காமல் கண்டத்துக்கு உரிமை கோரும் விதிகளை வகுத்த நாடுகளின் ஆட்கள் உள்ளே வந்தது இதே ஆண்டுகளில்தான். அவர்கள் கண்ணில் பட்டது ஆளற்ற நிலம். அதை ஆதியிலிருந்தே தீண்டப்படாத காடு என்று அவர்களில் பலர் எழுதினார்கள். அந்தப் பார்வையின் மேல்தான் பிறகு சரணாலயங்களும் தேசியப் பூங்காக்களும் எழுந்தன. செரங்கெட்டி 1951இல் தேசியப் பூங்கா ஆனது. 1959இல் அங்கிருந்த மாசாய் மக்கள் கிழக்கே இங்கோரோங்கோரோ பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள்.

இதைச் சொல்லி முடிக்கும்போது வகுப்பில் ஒரு கனம் இருக்கும். அதை அப்படியே விட்டுவிடாமல், கதையின் மறுபாதியையும் அதே பாடவேளையில் சொல்லியாக வேண்டும். கால்நடை மருத்துவர் வால்டர் பிளவ்ரைட் கென்யாவில் பணியாற்றியபோது வெக்கை நோய்க்கு மலிவான, பாதுகாப்பான தடுப்பூசியை உருவாக்கினார். செரங்கெட்டியைச் சுற்றிய மாடுகளுக்கு ஊசி போடப் போட, காட்டு விலங்குகளிடமிருந்தும் நோய் மறைந்தது. ஊசி போட்டது மாட்டுக்கு, பெருகியது வில்டபீஸ்ட்! 1960களின் தொடக்கத்தில் சுமார் இரண்டரை லட்சமாக இருந்த கூட்டம் 1970களின் முடிவுக்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. அவை புல்லை மேய்ந்து தீர்த்ததால் காட்டுத்தீ குறைந்தது, தீ குறைந்ததால் மரக்கன்றுகள் பிழைத்து வளர்ந்தன. 2011இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். பெரியம்மைக்குப் பிறகு மனிதர் முற்றாக ஒழித்த இரண்டாவது நோய் அது.

இதற்குப் பிறகு அதே மாரா காட்சியை இன்னொருமுறை ஓட்டுவேன். முன்பு காலமற்ற இயற்கையாகத் தெரிந்த கூட்டம், இப்போது பிள்ளைகளுக்கு ஒரு தடுப்பூசியின் விளைவாகவும் தெரிகிறது. ஒரு மாணவி, “டீச்சர், அப்ப இந்தக் கூட்டம் நம்ம தாத்தா பாட்டி காலத்துலதான் இவ்வளவு பெருசாச்சா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வருடக்கணக்கில் நடத்தியும் அவ்வளவு நேராக எனக்கு அதைச் சொல்லத் தோன்றியதில்லை. இப்போதெல்லாம் அவள் சொன்னபடியே சொல்கிறேன்.

வரலாற்றுக் குவியலுக்கும் மாட்டோடுதான் போகிறேன். மாபெரும் சிம்பாப்வே என்ற பழைய நகரத்தின் கல்மதில்களைப் பற்றிய காணொலிகள் பெரும்பாலும் ட்ரோனில் எடுத்தவை. சாந்து பூசாமல் அடுக்கிய, 11 மீட்டர் வரை உயரமான சுவர்களை மேலிருந்து காட்டிக்கொண்டே போவார்கள். மதில்களின் அழகு தெரியும், அங்கே வாழ்ந்தவர்கள் தெரிய மாட்டார்கள். படத்தை நிறுத்திவிட்டு அகழாய்வில் கிடைத்தவற்றைக் கரும்பலகையில் எழுதுவேன்: சீனப் பீங்கான், இந்தியப் பெருங்கடலைத் தாண்டி வந்த கண்ணாடி மணிகள், குவியலாக மாட்டெலும்பு. இவற்றிலிருந்து அங்கே யார் இருந்தார்கள், எதை வைத்து வாழ்ந்தார்கள், யாரோடு வணிகம் செய்தார்கள் என்று பிள்ளைகள் எழுத வேண்டும். ஆப்பிரிக்கர் இதைக் கட்டியிருக்க முடியாது என்று குடியேற்ற ஆட்சியாளர்கள் நீண்ட காலம் சாதித்ததையும், 1929இல் அங்கே அகழ்ந்த கெர்ட்ரூட் கேட்டன்-தாம்ஸன் அது ஆப்பிரிக்கர் கட்டியதே என்று சான்றுகளோடு சொன்னதையும் பிறகு சொல்வேன். 1980இல் விடுதலை பெற்ற நாடு அந்த இடிபாட்டின் பெயரையே தனக்குச் சூட்டிக்கொண்டது. அங்கே கிடைத்த கற்பறவை அதன் கொடியில் இருக்கிறது.

நேரம் இருந்தால் 1414இல் வங்க சுல்தான் சீனப் பேரரசருக்கு அனுப்பிய ஒட்டகச்சிவிங்கியின் ஓவியத்தைக் காட்டுவேன். கிழக்கு ஆப்பிரிக்கக் கரையிலிருந்து அந்த விலங்கு வந்த பாதையை உலக வரைபடத்தில் விரலால் இழுத்துக் காட்டச் சொன்னால் பருவக்காற்றுப் பாடமும் முடிந்துவிடும்.

மாட்டோடு சேராத ஒரு காணொலியும் என் பட்டியலில் உண்டு. மொசாம்பிக்கின் கொரொங்கோசா பூங்கா யானைகளைப் பற்றியது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் தந்தத்துக்காகவும் இறைச்சிக்காகவும் யானைகளைக் கொன்றன. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்தன. பிழைத்த பெண் யானைகளில் பாதியளவு தந்தம் இல்லாதவை. போருக்கு முன் அப்படிப்பட்டவை ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. போருக்குப் பின் பிறந்த பெண் யானைகளிலும் பல தந்தம் இல்லாமலே வளர்கின்றன. 2021இல் வெளியான ஆய்வு இதன் மரபணுக் காரணத்தை விளக்கியது. ஒரு நாட்டின் போர் ஒரு விலங்கின் முகத்தில் எழுதப்பட்டிருப்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி எனக்குக் கிடைத்ததில்லை. அறிவியல் ஆசிரியரையும் அழைத்து இருவருமாகச் சேர்ந்துதான் இந்த வகுப்பை நடத்துகிறோம்.

கடைசியாகக் காட்டுவது இங்கோரோங்கோரோ. மாடும் வரிக்குதிரையும் ஒரே சட்டகத்தில் மேயும் காட்சி, மேய்ப்பவர்களும் கூடவே இருக்கிறார்கள். மாசாய் மக்கள் தங்கள் மொழியில் பேசும் பகுதியை எடுத்துக்கொள்வேன். மேலே ஓடும் வர்ணனைக் குரலைக் குறைத்து, கீழே வரும் எழுத்தை நானே நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொல்வேன். அங்கே மக்களும் விலங்குகளும் சேர்ந்து வாழலாம் என்று 1959இல் வகுத்த ஏற்பாடு இன்று கடும் சர்ச்சையில் இருக்கிறது. மக்கள்தொகையும் மாடுகளும் பெருகிவிட்டன, இயற்கை தாங்காது என்கிறது தான்சானிய அரசு. 2022 முதல் பல குடும்பங்கள் வெகுதொலைவில் உள்ள ம்சோமெரா என்ற இடத்துக்கு மாற்றப்பட்டுள்ளன. விருப்பப்பட்டுப் போகிறார்கள் என்று அரசு சொல்கிறது; மருத்துவம், பள்ளி போன்றவற்றைக் குறைத்து நெருக்குகிறார்கள் என்று மாசாய் அமைப்புகள் சொல்கின்றன.

வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிடும். வில்டபீஸ்ட்டின் பக்கம் நிற்பவர்கள் உண்டு, மாட்டின் பக்கம் நிற்பவர்கள் உண்டு. சத்தம் பக்கத்து வகுப்புக்குக் கேட்கும். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. என்ன தெரிந்தால் இதை முடிவு செய்யலாம் என்று கேட்டு, அவர்கள் சொல்வதைப் பலகையில் எழுதுகிறேன். ஒரு மாடு ஒரு நாளில் எவ்வளவு புல் தின்னும், சுற்றுலாப் பணம் யாருக்குப் போகிறது, ம்சோமெராவில் முன்பே இருந்தவர்கள் யார், அங்கே தண்ணீர் உண்டா. மணி அடித்ததும் பலகையைப் படமெடுத்துக்கொள்கிறேன். அடுத்த பாடவேளைக்கான காணொலிகளை அந்தப் பட்டியலை வைத்துத்தான் தேடுகிறேன்.