வீட்டில் ஷெட் இல்லாமல் பீட்டில் எஞ்சினை இறக்கிய அனுபவம்

ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் எஞ்சின், கிளட்ச் தட்டில் ஒரு கீறல்கூட விழாமல் கியர்பாக்ஸை விட்டுப் பிரிந்து, இப்போது ஒரு கான்கிரீட் தரையில் சக்கரப் பலகையின்மேல் அமர்ந்திருக்கிறது. வண்டியின் பின்புறத்தில், மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கே இடங்களில் கியர்பாக்ஸோடு பிணைந்திருக்கும் அந்த எஞ்சினைக் கழற்றும் முறையைப் பற்றி இந்த வண்டியை வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டில் ஷெட் இல்லாத ஒருவர் அதை எங்கே வைத்துக் கழற்றுவது என்ற கேள்விக்கு விடை தேட, எஞ்சின் வேலைக்கு ஆனதைவிட அதிகக் காலம் எனக்குப் பிடித்தது. பரப்பளவையும் கூரையையும் பார்த்து இடம் தேடுபவர்கள் முதலில் தரையைப் பார்க்க வேண்டும் என்பதே நான் கண்ட விடை. அதை விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

பரப்பளவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீட்டிலின் நீளம் 4 மீட்டரைச் சற்றே தாண்டும். அகலம் ஏறத்தாழ 1.54 மீட்டர். 2.5 மீட்டர் அகலமும் 5 மீட்டர் நீளமும் உள்ள சாதாரண நிறுத்துமிடத்தில் அதை நடுவில் நிறுத்தினால், இருபுறமும் அரை மீட்டர்கூட மிஞ்சாது. அந்த இடைவெளியில் படுக்கலாம். படுத்தபடி ஸ்பேனரை இழுக்க முடியாது. எஞ்சினைப் பின்னால் இழுத்து வெளியே கொண்டுவர, வண்டியின் வாலுக்குப் பின்னால் இரண்டு மீட்டராவது வெறுமையாக இருக்க வேண்டும். ஆகவே 7 மீட்டருக்கு 3.5 மீட்டர் என்ற அளவை நான் குறைந்தபட்சமாக வைத்துக்கொண்டேன். இந்த வண்டியின் பெரிய அனுகூலம், எஞ்சின் கீழ்வழியாக இறங்குகிறது என்பது. முன்புற எஞ்சினை மேலே தூக்கியெடுக்க வேண்டிய கார்களுக்குத் தூக்கு கிரேன் வேண்டும்; அதன் கால்கள் வண்டிக்கு அடியில் நுழைய இடம் வேண்டும்; அதன் கை உயர்வதற்குக் கூரை உயரமும் வேண்டும். 2 டன் என்று எழுதப்பட்ட கிரேனின் கையை முழுவதும் நீட்டினால் அது தாங்குவது பெரும்பாலும் அரை டன்தான் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். இந்தத் தொல்லை எதுவும் பீட்டிலுக்கு இல்லை. தாழ்ந்த கூரையுள்ள இடங்களையும் நான் தயங்காமல் பார்க்க முடிந்தது. கூரை தாழ்ந்த இடங்கள் பிறருக்குப் பயன்படாதவை என்பதால் எளிதாகவும் கிடைக்கின்றன.

அடுக்ககத்தின் நிறுத்துமிடம் விதிகளால் தடைப்பட்டது. பொருள் சேமிப்பு அறைகளில் மின்சாரம் இல்லை; அங்கே வண்டியை வைக்கலாம், ஆனால் வேலை செய்யக் கூடாது, தொட்டியில் எரிபொருள் இருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தார்கள். மணிக்கணக்கில் வாடகைக்கு விடப்படும் பட்டறைகள் மிகச் சிறந்தவை. லிஃப்ட் இருக்கும், காற்று அழுத்தக் கருவி இருக்கும். ஆனால் மாலையில் ஓட்டிக்கொண்டு வெளியே போகக்கூடிய வண்டிக்குத்தான் அவை பொருந்தும். எஞ்சினைப் பிரித்துவிட்டு உதிரிக்காகக் காத்திருக்கும் வண்டிக்கு மணிக்கணக்கு வாடகை கட்டுபடியாகாது. பழக்கமான மெக்கானிக் ஒருவரின் பட்டறையில் ஓரமாக வைத்துக்கொள்ளும் யோசனையையும் விட்டுவிட்டேன். வருமானம் தரும் வண்டிகள் வரும்போது ஓரத்தில் நிற்கும் வண்டியைத் தள்ளித்தான் ஆக வேண்டும். சக்கரங்களைத் தரையில் படாமல் உயர்த்திப் பிடிக்கும் ஜாக்கி ஸ்டாண்டின்மேல் நிற்கும் வண்டியைத் தள்ள முடியாது.

இனித் தரை. நான் பார்த்த இடங்களில் பெரும்பாலானவற்றை நிராகரித்தது இதன் காரணமாகத்தான். தார்த் தரை வெயிலில் இளகும். ஜாக்கி ஸ்டாண்டின் மெல்லிய கால்கள் அதில் மெதுவாகப் புதையும், அதுவும் நான்கு காலும் ஒரே அளவில் புதையாது. மணல் படுக்கையின்மேல் பதித்த சிமெண்டுக் கற்கள் காரின் டயருக்குப் போதுமானவை. ஆனால் எடை முழுவதும் ஒரு சிறு பரப்பில் குவியும்போது ஒரு கல் மட்டும் ஒருபக்கம் சாய்ந்து இறங்கிவிடக்கூடும். 18 மி.மீ. பிளைவுட் துண்டுகளை அடியில் போட்டு எடையைப் பரப்பலாம் என்பது உண்மைதான். ஆயினும் நான்கு ஸ்டாண்டுகளுக்கு அடியில் பலகை வைப்பது வேறு, ஜாக்கி உருள்வதற்குப் பலகை விரிப்பது வேறு.

பலரும் கவனிக்காமல் விடும் செய்தி இங்கேதான் இருக்கிறது. டிராலி ஜாக்கியின் கை நேராக எழுவதில்லை, ஒரு வில்வளைவில் எழுகிறது. அதன் தலை மேலே போகும்போது கிடைமட்டமாகவும் சிறிது நகர்கிறது. வண்டி அசையாமல் இருக்க வேண்டுமானால் ஜாக்கிதான் தன் சக்கரங்களில் உருண்டு அந்த நகர்வை ஈடுகட்ட வேண்டும். சக்கரம் தாரில் அழுந்தினாலோ, கற்களின் இடுக்கிலோ கான்கிரீட் பாளங்களுக்கு இடைப்பட்ட பள்ளத்திலோ சிக்கினாலோ ஜாக்கி உருளாது. அப்போது தலை தன் பிடிமானத்தை விட்டு வழுக்கும். அல்லது வண்டியையே பக்கவாட்டில் இழுக்கும். ஜாக்கியின் சக்கரம் தடையின்றி உருளாத தரையில் நான் ஒரு வண்டியையும் உயர்த்த மாட்டேன். வேறு எவரும் உயர்த்தக் கூடாது என்றே வேண்டிக்கொள்கிறேன்.

அடுத்தது சரிவு. திறந்தவெளியிலும் நிறுத்துமிடங்களிலும் தண்ணீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகவே போடுவார்கள். கண்ணுக்கு அது தெரியாது. இடம் பார்க்கப் போகும்போதெல்லாம் கொத்தனார்கள் வைத்திருக்கும் 60 செ.மீ. ரசமட்டத்தையும் சில டிரில் பிட்டுகளையும் எடுத்துச் சென்றேன். ரசமட்டத்தைத் தரையில் வைத்து, தாழ்ந்த முனைக்கு அடியில் டிரில் பிட்டின் தண்டைச் செருகிக் குமிழியை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். 12 மி.மீ. தண்டு தேவைப்பட்டால் சரிவு 50-க்கு 1, 6 மி.மீ. போதுமென்றால் 100-க்கு 1. வண்டியின் நீளவாக்கில் ஒருமுறையும் குறுக்குவாக்கில் ஒருமுறையும் அளக்க வேண்டும். 6 மி.மீ. தண்டுக்கு மேல் கேட்ட எந்த இடத்தையும், மற்ற எல்லா வசதிகளும் இருந்தபோதிலும், நான் ஏற்கவில்லை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு இரண்டு காரணங்களைச் சொல்வேன். பீட்டிலின் கைபிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே வேலை செய்கிறது. பின்புறத்தை உயர்த்திய நொடியில் கைபிரேக் இருந்தும் பயனில்லை. வண்டி உருளாமல் தடுப்பது முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைத்த ஆப்புக்கட்டைகள் மட்டும்தான். சரிந்த தரையில் அந்தக் கட்டைகளின்மேல் எப்போதும் ஒரு சுமை இருந்துகொண்டே இருக்கும். இரண்டாவது காரணம் கியர்பாக்ஸின் உள்தண்டு. அது கிளட்ச் தட்டின் நடுவே நுழைந்து எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிரேங்கின் முனையில் உள்ள கிளாண்ட் நட்டுக்குள் இருக்கும் பேரிங் வரை செல்கிறது. எஞ்சின் ஏறத்தாழ 10 செ.மீ. நேராகப் பின்வாங்கிய பிறகுதான் இறங்கலாம். அதற்குள் எஞ்சினின் வால் தாழ்ந்தால், கிட்டத்தட்ட 100 கிலோ எடையும் அந்தத் தண்டின்மேலும் கிளட்ச் தட்டின்மேலும் தொங்கும். வண்டியை ஸ்டாண்டுகளின்மேல் மட்டமாக நிறுத்திவிடலாம். எஞ்சினைத் தாங்கி உருளும் ஜாக்கியோ தரையின் சரிவைத்தான் பின்பற்றும். பின்பக்கமாக 50-க்கு 1 சரிந்த தரையில், 10 செ.மீ. உருள்வதற்குள் எஞ்சின் 2 மி.மீ. தாழ்ந்துவிடும். அந்த 2 மி.மீ. போதும், தட்டு வளைவதற்கு.

கடைசியில் கிடைத்த இடம் இரும்புக் குழாய்களை அடுக்கி வைக்கும் ஒரு கிடங்கின் பின்மூலை. குழாய்க் கட்டுகளின் பாரத்தைத் தாங்குவதற்காகக் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தரை அது. உட்புறம் என்பதால் வடிகால் சரிவு இல்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 3 மி.மீ. தண்டுகூட ரசமட்டத்துக்கு அடியில் நுழையவில்லை. அதைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை, தார்த் தரையில் மல்லாந்து படுத்து வேலை பார்த்தவர்கள் புரிந்துகொள்வார்கள். கனமான சரக்கை வைத்திருக்கும் கிடங்குகளைத் தேடுங்கள் என்று பிறருக்கும் சொல்கிறேன். அங்கே தரைக்குத்தான் அதிகம் செலவிட்டிருப்பார்கள்.

உரிமையாளர் கேட்பதற்கு முன்பே நிபந்தனைகளை நானே எழுதிக் கொடுத்தேன். அவர் சம்மதிக்க அதுவே காரணம் என்று நம்புகிறேன். கிடங்குக்குள் எஞ்சினை இயக்க மாட்டேன். வெல்டிங், கிரைண்டிங், பெயிண்ட் அடித்தல் எதுவும் செய்ய மாட்டேன். அடியில் எப்போதும் எண்ணெய்த் தட்டு இருக்கும். எஞ்சின் இல்லாவிட்டாலும் நான்கு சக்கரங்களையும் மாட்டி இறக்கினால் வண்டி உருளும் நிலையில் இருக்கும். கடைசி நிபந்தனைதான் அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அசையாத வண்டி தன் இடத்தில் நிரந்தரமாகத் தங்கிவிடும் என்பது எல்லா உரிமையாளர்களுக்கும் இருக்கும் அச்சம். அது நியாயமான அச்சமும்கூட.

பெட்ரோலைப் பற்றித் தனியாகவே பேசினோம். பீட்டிலின் தொட்டி முன்புறம் இருக்கிறது. எஞ்சின் பக்கத்துக் குழாயைக் கழற்றினால் பெட்ரோல் தானாகவே ஒழுகும். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு பரவி, பள்ளத்திலும் வடிகாலிலும் தேங்கும். ஆகவே தொட்டியை வெளியிலேயே முழுவதும் வடித்துவிட்டுத்தான் வண்டியை உள்ளே தள்ளினோம். கிரேங்க்கேஸ் மக்னீசியக் கலவையால் ஆனது. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது தீயைப் பெருக்கும். அந்த நிலைக்குப் போகாமல் பெட்ரோல் தீயைத் தொடக்கத்திலேயே அடக்க, உலர்பொடி அணைப்பான் ஒன்று வண்டியின் அருகில் கைக்கெட்டும் இடத்தில் நிற்கிறது. இதைச் சொன்னபோது உரிமையாளரின் முகத்தில் முதலில் கவலையும் பிறகு நிம்மதியும் தெரிந்தன.

கழற்றும் வேலை அமைதியாக நடந்தது. மேல் போல்ட்டுகளையும் கீழ் நட்டுகளையும் எடுத்தபின், நண்பர் ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ள, நான் எஞ்சினை மெல்ல அசைத்துப் பின்னால் இழுத்தேன். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸ் முகத்துக்கும் இடையே வாய் திறந்ததும், தரையை அளக்க வைத்திருந்த அதே டிரில் பிட்டுகளைக் கொண்டு மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இடைவெளியைப் பார்த்தேன். மேலே 8 மி.மீ. தண்டு இறுக்கமாக நுழைந்தால் கீழேயும் அதே தண்டு அதே இறுக்கத்தில் நுழைய வேண்டும். கீழே தளர்வாக இருந்தால் எஞ்சினின் வால் உயர்ந்திருக்கிறது. மேலே தளர்வாக இருந்தால் வால் தொங்குகிறது. ஜாக்கியின் வால்வைச் சிறிது தளர்த்தியோ ஒரு பம்ப் கூட்டியோ சரிசெய்துகொண்டு, அடுத்த பெரிய தண்டுக்குப் போனேன். தரை மட்டமாக இருந்ததால் இந்தத் திருத்தம் மிகச் சிறிதாகவே தேவைப்பட்டது. கியர்பாக்ஸின் உள்தண்டு விடுபட்டபோது எந்தச் சத்தமும் இல்லை. எஞ்சின் ஜாக்கியோடு சீராகப் பின்னால் வந்தது. பிறகு மின்விசிறி உறையின் உச்சி பின்புறத் தகட்டுக்கு அடியில் தாண்டும் வரை இறக்கி, வெளியே உருட்டினோம்.

எரிபொருள் ரப்பர் குழாய்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழையவற்றின் துணிப் பின்னலை விரலால் வளைத்ததும் உள்ளே வெடிப்புகள் தெரிந்தன. பழைய வண்டி உதிரிகளை அஞ்சலில் அனுப்பும் விற்பனையாளர் ஒருவர், அசலைப் போன்றே பின்னல் உறை போட்ட குழாயை அனுப்பினார். அதன்மேல் எந்தத் தரக்குறியும் அச்சிடப்படவில்லை. பார்க்க அசலைப் போல் இருப்பது எரிபொருள் குழாய்க்குத் தகுதி ஆகாது. எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9 என்ற எரிபொருள் குழாய்த் தரக்குறியை நீளம் முழுவதும் அச்சிட்ட குழாயை வேறோர் இடத்தில் வாங்கினேன். எத்தனால் கலந்த பெட்ரோலை அதன் உள்ளடுக்கு தாங்கும்.

இனிமேல் வரும் வேலைகளில் பலவற்றுக்கு வண்டி தேவையில்லை. கார்புரேட்டர், டிஸ்ட்ரிப்யூட்டர், சிலிண்டர் ஹெட்கள் ஆகியவை வீட்டு மேசைக்கு வந்துவிட்டன. கிடங்கில் செய்ய வேண்டியவை கியர்பாக்ஸ் உள்தண்டின் எண்ணெய் சீல், கிளட்ச் ரிலீஸ் பேரிங், கிரேங்க் முனையில் சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீலின் பக்கத்து எண்ணெய் சீல் ஆகியவை. ஃபிளைவீலைக் கழற்றுவதால் கிரேங்கின் நீளவாட்டு ஆட்டத்தையும் டயல் கேஜ் வைத்து அளந்து, ஷிம் எனப்படும் மெல்லிய உலோக வளையங்கள் மூன்றைத் தேர்ந்து 0.07 முதல் 0.13 மி.மீ.க்குள் கொண்டுவர வேண்டும்.

அங்கேதான் இடத்தின் பிரச்சினை மறுபடியும் தலைகாட்டுகிறது. ஃபிளைவீலைப் பிடிக்கும் 36 மி.மீ. கிளாண்ட் நட்டுக்கு 300 நியூட்டன் மீட்டரை ஒட்டிய முறுக்கம் வேண்டும்; அதாவது ஒரு மீட்டர் நீளக் குழாயின் முனையில் 30 கிலோ தொங்கவிட்டது போன்ற விசை. சக்கரப் பலகையில் இருக்கும் எஞ்சினை அப்படி இழுத்தால் எஞ்சினே சுழலும். தரையில் துளையிட்டு ஸ்டாண்டை இறுக்க உரிமையாளரிடம் கேட்க நான் விரும்பவில்லை. அவ்வளவு நல்ல தரையில் துளையிட எனக்கே மனமில்லை. ஆகவே 1-க்கு 9 விகிதத்தில் முறுக்கத்தைப் பெருக்கும் கியர் கருவி ஒன்றைத் தருவிக்கிறேன். அதன் எதிர்விசை எஞ்சினின் உடம்பிலேயே தங்கிவிடுவதால், 33 நியூட்டன் மீட்டர் அளவில் சாதாரண டார்க் ரெஞ்சைத் திருப்பினாலே போதும். நீளக் குழாயும் வேண்டாம், அது சுழல இடமும் வேண்டாம். பின் ஆக்சில் நட்டுகளும் அதே 36 மி.மீ. அளவுதான் என்பதால், பின்சக்கர பிரேக் டிரம்களைக் கழற்றும் வேலையையும் இதே மூலையில் முடித்துவிடத் திட்டமிட்டிருக்கிறேன். கருவி வந்ததும் முதலில் ஷிம் அளவுகளை எடுக்க வேண்டும்.