சிறுவர் நாவல் முடிந்தது, ஏஜென்ட் எங்கே?

இங்கிலீஷில் சிறுவர் நாவல் எழுதுபவர் முதலில் தேடுவது ஏஜென்டை. நாவலைப் படித்துத் திருத்தச் சொல்வது, எந்தப் பதிப்பகத்துக்கு எது பொருந்தும் என்று பார்ப்பது, ஒப்பந்தத்தில் பேரம் பேசுவது, மொழிபெயர்ப்பு உரிமையைத் தனியாக விற்பது எல்லாம் அவர் வேலை. தமிழில் அப்படி ஓர் ஆள் வழக்கத்தில் இல்லை. வேலூரில் உட்கார்ந்து எழுதினாலும் சென்னையில் உட்கார்ந்து எழுதினாலும் பதிப்பாளரிடம் நேராகப் போக வேண்டியதுதான். ஆள் இல்லையே தவிர, அந்த நான்கு வேலைகளும் இருக்கின்றன. எழுதுபவர்தான் அவற்றைச் செய்ய வேண்டும். பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, அதனால்தான் பிரதி மேசையிலேயே தூங்குகிறது.

முதலில் நீளம். 8 முதல் 12 வயதுக்கான தமிழ் நாவல் பெரும்பாலும் டெமி என்ற வழக்கமான புத்தக அளவில், 14 புள்ளி எழுத்தில் வரும். ஒரு பக்கத்துக்குச் சுமார் 150 சொல். அச்சில் ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகி மடிபடுகிற பக்கங்கள், 16 பக்கம்; 6 ஃபாரம் 96 பக்கம். தலைப்பு, உரிமைப் பக்கம், முன்னுரைக்கு 6, படங்களுக்கு 10 என்று கழித்தால் மிச்சம் 80 பக்கம், அதாவது 12,000 சொல். பத்துப் பன்னிரண்டு அத்தியாயமாகப் பிரித்தால் ஒன்றுக்கு 1,000 முதல் 1,200 சொல் வரும். ஒரு பிள்ளை ஒரே மூச்சில் படித்து முடிக்கிற அளவு அது. நாவல் 99 பக்கத்தில் போய் நின்றால், அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரம் போடப் பதிப்பாளர் மனசு வைக்கமாட்டார். எழுத்தை 12 புள்ளிக்குக் குறைத்துவிடுவார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை நாலாம் பக்கத்திலேயே புத்தகத்தை மூடிவைக்கும். அதனால் வெட்டுகிற வேலையை அனுப்புவதற்கு முன்பே நீங்களே செய்துவிடுங்கள்.

வேலூர்ப் பக்கத்து நாவல்களில் அடிக்கடி கண்ணில் படுகிற குறை, முதல் பத்தியிலேயே பாடப்புத்தகம் புகுந்துகொள்வது. 'வேலூர்க் கோட்டை கருங்கல்லால் கட்டப்பட்டது. அதைச் சுற்றி அகழி உள்ளது' என்று ஆரம்பித்தால் படிப்பவனுக்குப் பரீட்சை ஞாபகம் வந்துவிடும். இப்படி ஆரம்பித்துப் பாருங்கள்: 'சுதாவின் இடது செருப்பு அகழியில் மிதந்தது. வலது செருப்பு இன்னும் காலில்தான் இருந்தது. அதையும் எறிந்துவிடலாமா என்று யோசித்தாள்.' கோட்டையும் வந்துவிட்டது, தண்ணீரும் வந்துவிட்டது, வீட்டில் வாங்கப்போகிற திட்டும் வந்துவிட்டது. கருங்கல்லை மூன்றாம் அத்தியாயத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

அடுத்தது காலப் பிழை. கதை 1975-இல் நடந்தால் பிள்ளைகள் கோட்டைக்குள் போய் ஜலகண்டேஸ்வரரைக் கும்பிட முடியாது. லிங்கம் அப்போது சத்துவாச்சாரியில் இருந்தது, கோட்டைக் கோயிலுக்குத் திரும்பியது 1981-இல். 1989-க்கு முன்னால் வேலூரைப் போலவே திருவண்ணாமலையும் வடாற்காடு மாவட்டம்தான். 2019-க்குப் பிறகு ஆம்பூரும் ஏலகிரியும் காவலூர் வானாய்வகமும் திருப்பத்தூர் மாவட்டத்தில், ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டத்தில். இன்றைய கதையில் 'வேலூர் மாவட்டம் ஏலகிரி' என்று வந்தால் ஜோலார்பேட்டைப் பிள்ளை சிரிக்கும். 1806 வேலூர்ச் சிப்பாய் எழுச்சியைத் தொடுகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஜூலை 10 விடிவதற்கு முன் தொடங்கிய எழுச்சியை, ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி அன்று காலையிலேயே அடக்கிவிட்டார். ஒளிந்திருக்கும் சிறுவனை ஒரு வாரம் கோட்டைக்குள் வைத்து முற்றுகை நடத்தினால் கதை கெட்டுப்போகும். நடந்தது சில மணி நேரம்தான், நாவலுக்கு அந்த அவசரமே போதும். ஆற்றையும் மறக்க வேண்டாம். காட்பாடி ரயிலடியில் இறங்கியவர் வேலூர் ஊருக்குள் வரப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டியாக வேண்டும். அந்தப் பாலம் இல்லாமல் ஆட்டோ கோட்டை வாசலில் போய் நிற்கிற கதைகளும் உண்டு.

பேச்சுக்கு வருவோம். கதை சொல்லும் குரல் பொதுத் தமிழிலும் பேச்சு ஊர்த் தமிழிலும் இருப்பது நல்லது. ஆனால் 'இன்னாடா, செருப்ப எத்துனு வராம இன்னாத்துக்கு நின்னுகினு கீற' என்று ஒரே வரியில் எல்லாவற்றையும் கொட்டினால் திருநெல்வேலிப் பிள்ளை எழுத்துக்கூட்டித்தான் படிக்கும். 'இன்னாடா, செருப்ப எத்துனு வரலியா?' போதும். ஒரு வரிக்கு இரண்டு ஊர்ச் சொல், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கத்துப் பாத்திரத்துக்கு வீட்டில் உருதும், குடியாத்தம் பக்கத்தில் சில வீடுகளில் தெலுங்கும் இயல்பு. அம்மாவை அழைக்கும் ஒரு சொல்லில் அதைக் காட்டினால் போதும், அடைப்புக்குறி போட்டு அர்த்தம் சொல்ல வேண்டாம்.

பதிப்பகத்துக்கு அனுப்பும்போது முழு நாவல், ஒரு பக்கச் சுருக்கம், அரைப் பக்கக் கடிதம் என மூன்று கோப்பு போதும். சுருக்கத்தில் முடிவையும் சொல்லிவிட வேண்டும். 'மீதியை நாவலில் படியுங்கள்' என்று எழுதினால் அந்தச் சுருக்கத்தால் பயனில்லை. கடிதத்தில் எந்த வயது, எத்தனை சொல், கதை எதைப் பற்றியது என்று மூன்றே விஷயம். 'ஆறு முதல் அறுபது வரை அனைவருக்கும்' என்று எழுதினால் எந்த அலமாரியில் வைப்பது என்று பதிப்பாளருக்குத் தெரியாது. கோப்பு யூனிகோடில், வேர்டில் இருக்கட்டும். பழைய எழுத்துருவில் தட்டியதை எழுத்துரு மாற்றியில் போட்டு அப்படியே அனுப்பினால் கொம்பு இடம் மாறும், மேற்கோள் குறி இருந்த இடத்தில் 'ஸ்ரீ' நிற்கும். மாற்றிய பிறகு ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ண-ன, ர-ற குழப்பமும் விட்டுப்போன ஒற்றும் அப்போதுதான் காதில் விழும். படங்களுக்கு நீங்களே ஓவியரைப் பிடித்துப் பணம் கொடுக்க வேண்டாம், அதைப் பதிப்பகம் பார்த்துக்கொள்ளும்.

ஒப்பந்தம் என்றதும் 'நமக்குள் என்ன' என்பார்கள். எழுத்தில் வாங்குங்கள். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும். 'அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக' என்ற வரி இருந்தால் அடித்துவிட்டு 'தமிழ் அச்சுப் பதிப்பு மட்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். ராயல்டி, அதாவது விற்கிற ஒவ்வொரு பிரதிக்கும் எழுதியவருக்கு வரும் பங்கு, வழக்கமாக விலையில் 10 விழுக்காடு. 120 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால் 6,000 ரூபாய். இதை வைத்து வீடு கட்ட முடியாது என்பதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. '200 பிரதியை நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்' என்கிறவரைப் பதிப்பாளர் என்று சொல்லாதீர்கள், அது அச்சுக்கூலி. அந்த வழியில்தான் போவது என்றால் அச்சகத்திலேயே நேராகக் கொடுத்துவிடலாம், செலவு குறையும். புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் இந்தியாவில் இலவசம், அதற்கென்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மொழிபெயர்ப்பு உரிமையைக் கையில் வைத்திருந்தால்தான் இங்கிலீஷ் ஏஜென்டிடம் போவதில் அர்த்தம் உண்டு. விற்றுவிட்டால் அவருக்கு விற்க எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரு பக்கக் கடிதம், முடிவோடு கூடிய சுருக்கம், மூன்று அத்தியாயம். தமிழ் நாவல் என்றால் அந்த மூன்று அத்தியாயத்தின் நல்ல மொழிபெயர்ப்பு, மொழிபெயர்த்தவரின் சம்மதத்தோடு. இங்கிலீஷில் இதே வயதுக்கான நாவல் 30,000 சொல்லுக்கு மேல் எதிர்பார்ப்பார்கள். தமிழில் ஒரே சொல்லில் அடங்குவது அங்கே மூன்று சொல்லாகும் என்றாலும், 12,000 சொல் நாவல் அவர்களுக்குச் சின்னதாகத்தான் தெரியும். அதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுவது மேல். ஏஜென்ட் கமிஷன் வழக்கமாக 15 விழுக்காடு, வெளிநாட்டு, மொழிபெயர்ப்பு விற்பனைக்கு 20. புத்தகம் விற்ற பிறகுதான் அந்தக் கமிஷன். படிப்பதற்கே கட்டணம் கேட்டால் அது ஏஜென்ட் இல்லை.

பதிப்பாளரோ ஏஜென்டோ, சிறுவர் நூல் எடுப்பவரா என்று அவரவர் இணையப் பக்கத்தில் பார்த்துவிட்டு, ஆறேழு பேருக்கு மட்டும் முதலில் அனுப்புங்கள். ஒரு நோட்டில் பெயர், அனுப்பிய தேதி, அனுப்பியது என்ன என்று மூன்று பத்தியாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதம் பதில் வரவில்லை என்றால் ஒரே ஒரு வரியில் நினைவூட்டல், அதற்கும் பதில் இல்லையென்றால் அந்தப் பெயரை அடித்துவிடலாம். ஆறு பேரும் முதல் அத்தியாயத்தோடு நிறுத்திவிட்டால், ஏழாவது ஆளுக்கு அனுப்புவதற்கு முன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதுங்கள்.