சஃப்ரஜெட் பெண்களின் கடிதங்களை ஆய்வேட்டுக்கு எடுக்கிறீர்களா?

எம்.ஏ. வரலாற்று ஆய்வேட்டுக்கு நான் எடுத்தது, பிரிட்டனில் வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களின் கடிதங்கள். இந்தப் பக்கம் வர நினைப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதற்கு முன், அது எந்த வழியாகப் போனது என்று பாருங்கள். இந்தப் பெண்களை அடைத்துவைத்த லண்டன் ஹாலோவே சிறையிலிருந்து முறைப்படி வந்த கடிதத்தை அதிகாரிகள் படித்த பிறகே வெளியே விட்டார்கள். அதில் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று இருந்தால் அப்படியே நம்பி மேற்கோள் காட்ட முடியாது. ஒளித்துக் கடத்தப்பட்டவை வேறு ரகம். மைரா சாட் பிரௌன் 1912-இல் சிறையின் கழிப்பறைத் தாளிலேயே வீட்டுக்கு எழுதினார்.

1913 மார்ச்சில் சில்வியா பாங்க்ஹர்ஸ்ட், இயக்கத்தின் தலைவியான தன் தாய் எம்மலினுக்கு எழுதியதை மட்டும் தவறவிடாதீர்கள். சிறையில் உண்ணாவிரதம் இருந்த தன்னைப் பெண் காவலர்கள் பிடித்துக்கொள்ள, எஃகுக் கருவியால் வாயைப் பிளந்து குழாய் வழியாக உணவு இறக்கியதை எழுதியிருக்கிறார். சிறைக்கு வெளியே கடத்தப்பட்ட அந்தக் கடிதம் இயக்கத்தின் ‘தி சஃப்ரஜெட்’ இதழில் அச்சாகியும் விட்டது. மகள் அம்மாவுக்கு எழுதியதா, தொண்டர் தலைவிக்கு எழுதியதா, ஊரே படிக்கட்டும் என்று எழுதியதா? மூன்றும்தான் என்பது என் வாதம். ஒரு முழு இயலை இதற்கே கொடுத்தேன்.

அப்புறம் தேதி. லண்டனில் அப்போது ஒரே நாளில் பலமுறை தபால் பட்டுவாடா நடக்கும். அதனால் ‘செவ்வாய்க்கிழமை’ என்று மட்டும் போட்டு எழுதிவிடுவார்கள், நமக்குத்தான் தலைவலி. உள்ளே வரும் செய்தியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் புறக்கணிப்பது பற்றிப் பேச்சு வந்தால் 1911 ஏப்ரலை ஒட்டியது. உண்ணாவிரதக் கைதிகளை விடுதலை செய்து, உடம்பு தேறியதும் மறுபடி பிடித்துப்போகும் ‘பூனை-எலிச் சட்டம்’ வந்தால் 1913 ஏப்ரலுக்குப் பிந்தையது.

சேகரிப்புகள் சிதறிக் கிடக்கின்றன: லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் உள்ள பெண்கள் நூலகம், இயக்கத்தில் இருந்த கென்னி சகோதரிகளின் தாள்களுக்கு ஈஸ்ட் ஆங்லியா பல்கலைக்கழகம், சில்வியாவுடையவற்றுக்கு ஆம்ஸ்டர்டாம். ஆவணக் காப்பாளருக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் போடுங்கள். அச்சில் வந்ததோடு நிறுத்திவிடாதீர்கள். பிரபு குடும்பத்துச் சஃப்ரஜெட்டான கான்ஸ்டன்ஸ் லிட்டனின் கடிதங்களை 1925-இல் தொகுத்தவர் அவருடைய சொந்த அக்கா. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது அவர் கையில் இருந்தது.

வாய்மொழித் தேர்வில் ‘இதற்குப் பதில் கடிதம் எங்கே?’ என்று கட்டாயம் கேட்பார்கள். கிடைக்காத கடிதங்களுக்கு ஒரு பட்டியல் போட்டுப் பின்னிணைப்பில் வையுங்கள். என் தேர்வாளர் முதலில் புரட்டியது அந்தப் பக்கத்தைத்தான்.