கத்திப் புத்தகங்களும் பழைய கேட்லாக்குகளும்: நான்காம் வருடக் கணக்கு

ராமேஸ்வரத்துக்கு முந்திய ஊரான மண்டபத்தில் படகு இன்ஜின் உதிரி பாகங்கள் விற்கிறேன். இருபது வருடமாகப் பார்ட்ஸ் புத்தகங்களைப் புரட்டிப் பழகியதில், எந்தப் பொருளைப் பார்த்தாலும் அதைத் தனித்தனி உறுப்பாகக் கழற்றிப் பார்க்கும் கண் வந்துவிட்டது. அந்தக் கண்தான் பழைய கத்திக் கேட்லாக்குகள் பக்கம் என்னை இழுத்துக்கொண்டு போனது. இது நான்காவது வருடம். கையில் இப்போது 31 உருப்படிகள் இருக்கின்றன: 12 புத்தகம், 19 விலைப்பட்டியல். அதில் மூலப்பதிப்பு ஒன்பதுதான். மற்றவை மறுபதிப்புகள், அல்லது இணையத்திலிருந்து இறக்கி ராமநாதபுரத்தில் பிரிண்ட் போட்டு பைண்டிங் செய்தவை. மறுபதிப்பைக் குறைவாக நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்த எண்ணம் இல்லை. நான் வாங்குவது படிக்க.

முதலில் கிடைத்தது லண்டன் ஆர்மி அண்ட் நேவி ஸ்டோர்ஸின் 1907ஆம் வருட கேட்லாக். 1969இல் மறுபதிப்பு வந்தது. அந்தப் பிரதி மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் அடியில் கிடந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் இருக்கும், தூக்கினால் கை வலிக்கும். 1891லேயே பம்பாயில் கிளை திறந்த கடை அது. அதில் கத்திப் பக்கங்களைத்தான் முதல் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்கத்தி, பேனாக்கத்தி, சவரக்கத்தி என்று ஒவ்வொன்றுக்கும் படம், பிடி எதனால் ஆனது, விலை என்ன. ஒரு கத்தியைச் சொல்ல இவ்வளவு சொற்கள் வேண்டியிருக்கிறதா என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அடுத்தது 1816இல், கத்திக்குப் பேர்போன இங்கிலாந்து ஊரான ஷெஃபீல்டில் ஜோசப் ஸ்மித் வெளியிட்ட மாதிரிப் படப் புத்தகத்தின் மறுபதிப்பு. வியாபாரிகள் பார்த்து ஆர்டர் கொடுப்பதற்காகச் செம்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள். படிக்க வரிகள் குறைவு, பார்க்கத்தான் நிறைய. ஒரே பேனாக்கத்தியில் பிடியின் வளைவு மட்டும் மாறி மாறி வரும். ஷெஃபீல்டில் கத்திக்காரர்களின் சங்கம் 1624லிருந்து சட்டப்படி இருந்தது, ஒவ்வொரு பட்டறைக்கும் தனி முத்திரை. ஜோசப் ராட்ஜர்ஸ் கத்திகளில் இருக்கும் நட்சத்திரமும் மால்டா சிலுவையும் 1682இல் பதிவான முத்திரை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எந்தக் கத்தியைப் பார்த்தாலும் அலகின் அடிப்பாகத்தைத்தான் முதலில் பார்க்கிறேன்.

சரி, இந்த வருடத்துப் பெரிய வரவுக்கு வருகிறேன்.

கீழக்கரையில் ஒரு பழைய வீட்டைப் பிரித்துக் கட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். அந்த வீட்டுப் பெரியவரின் பாட்டனார் கொழும்பு புறக்கோட்டையில் கடை வைத்திருந்தவர். மச்சில் மூன்று டிரங்குப் பெட்டிகள் இருந்தன. "தம்பி, மத்ததெல்லாம் கணக்குப் புஸ்தகம். இது ஒண்ணுதான் கத்தி படம் போட்டது. கரையான் தின்னுறதுக்குப் பதிலா நீங்க வச்சுக்கங்க" என்றார். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். "காக்கா, சும்மா வாங்க மனசு வரலையே" என்றேன் (அங்கே மூத்தவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவது). அப்படியானால் சரிசெய்த பிறகு ஒரு ஜெராக்ஸ் பிரதி கொண்டுவந்து கொடு, பேரப்பிள்ளைகள் பார்க்கட்டும் என்றார்.

இரும்புச் சாமான் வியாபாரி ஒருவரின் விலைப்பட்டியல் அது. ஆங்கிலத்தில் 64 பக்கம். அட்டை இல்லை, முதல் தாளும் போய்விட்டது. அதனால் கடைப்பெயர் தெரியாது, வருடமும் தெரியாது. இரண்டு வாரம் ராத்திரியில் உட்கார்ந்து வருடத்தைத் தேடினேன்.

விலையெல்லாம் ரூபாய், அணா, பை. நயா பைசா வந்தது 1957 ஏப்ரல் 1ஆம் தேதி. ஆக, அதற்கு முந்தியது. துருப்பிடிக்காத எஃகில் செய்த மேசைக்கத்திக்குத் தனிப் பக்கம், சாதாரண எஃகைவிட விலை கூடுதல். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி அந்த எஃகை உருக்கியது 1913இல். அது கத்தியாகி, கப்பலேறி, இங்கே கடைச் சரக்காக வர முதல் உலகப் போர் முடிந்திருக்க வேண்டும். அப்புறம், நான்கு பக்கத்துக்கு ஜெர்மனியின் சோலிங்கன் சவரக்கத்திகள். 1939 செப்டம்பரில் போர் தொடங்கிவிட்டால் ஜெர்மன் சரக்கை இங்கே யாரும் பட்டியல் போட்டு விற்றிருக்க முடியாது. ஆக, இருபது வருட இடைவெளிக்குள் வந்துவிட்டேன். ராட்ஜர்ஸ் கத்திப் படத்தில் அலகின் மேல் கிரீடமும் ஜி.ஆர். என்ற எழுத்தும் தெரிந்தன. ஆனால் ஐந்தாம் ஜார்ஜுக்கும் ஜி.ஆர்.தான், ஆறாம் ஜார்ஜுக்கும் ஜி.ஆர்.தான். அது உதவவில்லை.

பேனாக்கத்திப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஏதோ எழுதியிருந்தது. அரபி என்று நினைத்து விட்டுவிட்டேன். பிறகு பெரியவரிடமே போட்டோவைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலமிருந்து இடமாகத் தமிழில் வாசித்தார். அது அரபுத் தமிழ், அரபி எழுத்தில் எழுதிய தமிழ். அரை டஜன் பேனாக்கத்தி, கொழும்புக் கடைக்கு, அடியில் ஹிஜ்ரி 1354. கணக்குப் பார்த்தால் 1935 ஏப்ரலிலிருந்து 1936 மார்ச்சுக்குள். பட்டியல் அச்சானது அந்த வருடமோ அதற்குக் கொஞ்சம் முன்போ. எழுதியது தன் பாட்டனார்தான் என்று பெரியவர் கையெழுத்தை வைத்துச் சொன்னார். அந்த ஆறு பேனாக்கத்திகளும் ரயிலில் பாம்பன் பாலம் தாண்டி, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னார் வழியாகக் கொழும்புக்குப் போயிருக்க வேண்டும். அந்தப் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் 1914இல் வந்தவை. தனுஷ்கோடி 1964 டிசம்பர்ப் புயலில் போய்விட்டது. கடற்கரைக்குப் போகும்போதெல்லாம் அந்த அரை டஜன் நினைவுக்கு வருகிறது.

பிரதியைச் சரிசெய்த விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உப்புக்காற்றில் இருப்பவர்களுக்கு உதவும். விலைப்பட்டியல்களுக்கு முதல் எதிரி நடுவில் அடித்திருக்கும் பின்தான். அது துருப்பிடித்து, துரு தாளில் இறங்கி, அந்த இடம் பழுப்பாகி உதிரும். இதில் இரண்டு பின்களும் வெறும் துருக்குச்சிகளாக இருந்தன. குறடு போட்டுப் பிடுங்கினால் தாளும் சேர்ந்து வரும். என் கடையில் வால்வு இடைவெளி பார்க்கும் ஃபீலர் கேஜ் இருக்கிறது. அதில் 0.10 மில்லிமீட்டர் தகட்டைப் பின்னின் காலுக்கு அடியில் மெதுவாக நுழைத்து, தாளைத் தொடாமல் காலை நிமிர்த்தினேன். ஒரு காலுக்குப் பத்து நிமிடம் ஆனது. நிமிர்த்தியதும் பின் மூன்று துண்டாக உடைந்து வந்தது. துருப்பொடியைக் காய்ந்த மெல்லிய பிரஷ்ஷால் மட்டும் தட்டினேன், தண்ணீர் காட்டவில்லை.

தைக்கும் நூலில் போன வருடம் ஒரு தவறு செய்தேன். வலை பின்னும் நைலான் நரம்பு கடையிலேயே இருக்கிறது, உறுதியானது என்று அதைப் போட்டு வேறொரு பட்டியலைத் தைத்தேன். ஆறு மாதத்தில் அது மடிப்புத் தாளை ரம்பம் போல அறுத்துவிட்டது. தாளைவிட நூல் வலுவாக இருக்கக் கூடாது. இந்த முறை பருத்தி நூலில் தேன்மெழுகு தடவி, பின் இருந்த பழைய துளைகளிலேயே தைத்தேன். கிழிந்த மடிப்புக்கு மெல்லிய கைத்தாள், கோதுமை ஸ்டார்ச் பசை. பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். புது நோட்டுக்குச் சரி. பழைய தாளுக்கு வேண்டாம், தாமிரச் சத்து நாளடைவில் தாளைப் பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். செல்லோடேப்பை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள்.

பூச்சிக்கு நான் செய்வது இதுதான். புதிதாக வரும் எதையும் நேரே அலமாரியில் வைப்பதில்லை. இரண்டு பாலிதீன் பைகளில் காற்றை வெளியேற்றி ஒட்டி, நண்பர் ஒருவரின் இறால் கம்பெனி குளிரறையில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்துவிடுவேன். ராமபாணம், அதன் முட்டை எல்லாம் போய்விடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. ஒரு முழு நாள் அப்படியே விட வேண்டும். இல்லையென்றால் தாளெல்லாம் வேர்த்துவிடும். கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும் மாதங்களில் அவ்வளவு பயமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் வாடை திரும்பி மழை பிடித்துக்கொண்டால்தான் தினம் ஒரு தடவை பீரோவைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஏமாற்றத்தையும் எழுதி வைக்கிறேன். வெளியூர் வியாபாரி ஒருவர் 1900களின் மூலப்பதிப்பு என்று சொல்லி ஒரு சவரக்கத்திப் பட்டியலை 2,800 ரூபாய்க்குத் தபாலில் அனுப்பினார். பார்வைக்குப் பழசுதான், பழுப்பு, கறை, துரு எல்லாம் இருந்தது. பத்து மடங்கு லென்ஸை வைத்தேன். கறை முழுக்கச் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகள்! பின் இருந்த இடத்துத் துருவும் அச்சிட்டது. விரலால் தடவினால் வழவழவென்று இருந்தது, புதுப் பின் பக்கத்திலேயே மின்னியது. ஸ்கேன் எடுத்துப் பழுப்புத் தாளில் அச்சிட்டது. பழைய எழுத்தச்சு என்றால் தாளின் பின்பக்கம் விரலை ஓட்டினாலே எழுத்து தட்டுப்படும். படத்தின் கறுப்புக் கோடு லென்ஸில் ஒரே கோடாகத் தெரியும், புள்ளிகளாக உடையாது. பணம் திரும்பி வரவில்லை. மனசு ஒரு வாரம் சரியில்லை. இப்போது வாங்கும் முன் ஒரு பக்கத்தின் பின்புறத்தைச் சாய்ந்த வெளிச்சத்தில் போட்டோ கேட்கிறேன்.

படிப்பு இன்னொரு பக்கம் திரும்பியிருக்கிறது. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் 'ஊட்ஸ்' என்ற இந்திய எஃகைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். நம் உருக்கு, கன்னடத்து உக்கு, இந்தக் குடும்பத்துச் சொல்தான் அப்படித் திரிந்தது. ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்திக்காரர் அந்த எஃகில் கத்தி அடித்துப் பார்த்து, பிறகு மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து 1820இலும் 1822இலும் எஃகுக் கலவை ஆராய்ச்சிகளை வெளியிட்டார். கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசாமி 1908இல் வெளியிட்ட சிங்களக் கலை பற்றிய பெரிய புத்தகத்தில் இரும்பு உருக்கும் விதத்தையே விவரமாக எழுதியிருக்கிறார். 1914இல் ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி எழுதிய மதராஸ் மீன்துறை வெளியீட்டில் டாக்கா வளையல்காரர்கள் சங்கு அறுக்கும் பெரிய வாள் வருகிறது. அந்தச் சங்கில் நம் கடலில் குளித்து எடுத்ததும் உண்டு.

இவ்வளவையும் படித்த பிறகு ஒன்று உறுத்த ஆரம்பித்தது. ஷெஃபீல்டுப் பேனாக்கத்தியின் ஒவ்வொரு வளைவுக்கும் 1816லேயே படம் இருக்கிறது. பதநீருக்குப் பனம்பாளை சீவும் சாயல்குடிப் பாளை அரிவாளுக்கு எங்கே படம்? பாம்பனில் மீன் அறுக்கும் அரிவாள்மனைக்கு எங்கே விலைப்பட்டியல்? கொல்லர் அடித்தார், வாங்கியவர் தேயத் தேயப் பயன்படுத்தினார், கடைசியில் பழைய இரும்புக்குப் போட்டார். அதனால் தை மாதத்திலிருந்து நானே வரைய ஆரம்பித்தேன். கிராஃப் தாளில் அசல் அளவில் வெளிக்கோடு. பக்கத்தில் அலகு, பிடியை இறுக்கும் வளையமான பூண், பிடி என்று அளவுகள், உள்ளூர்ப் பெயர், என்ன வேலைக்கு, எந்த இரும்பு. கேட்லாக்குகளில் பார்த்த முறையேதான்.

சாயல்குடிப் பக்கம் பனை ஏறும் ஒருவரிடம் போனேன். காலையில் இறங்கிவிட்டு உட்கார்ந்திருந்தார். இடுப்பிலிருந்து அவிழ்த்த அரிவாள்பெட்டி பக்கத்தில் இருந்தது. "அண்ணாச்சி, அருவாளை ஒரு நிமிஷம் கொடுங்க, வரைஞ்சிட்டுத் தர்றேன்" என்று கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. "பாளை அருவாளை அடுத்தவர் கையில குடுக்கிறதில்ல தம்பி. தாளை விரிங்க, நானே வைக்கிறேன்" என்றார். தீட்டுப்பலகையில் வெங்கச்சங்கல் (வெள்ளைக் கல்) பொடியைத் தூவி நாலு இழுப்பு இழுத்து, துணியில் துடைத்து, தாளின் மேல் தானே வைத்து, பிடியில் ஒரு விரலை வைத்தபடி இருந்தார். நான் பென்சிலைச் சுற்றி ஓட்டினேன். அலகு 23 சென்டிமீட்டர், வாய் ஒரு பக்கம்தான் சரிவு. எடை ரொம்பக் குறைவு, அது ஏன் என்று கேட்டேன். "பாளைய தாள் கனத்துக்குச் சீவணும். கனத்த அருவான்னா ஆழமா இறங்கிரும், பாளை செத்துரும். மொன்னையா இருந்தா கண்ணு அடைச்சுக்கும், பதநீ சொட்டாது." இந்த மூன்று வரியை அப்படியே படத்துக்குக் கீழே எழுதிவிட்டேன். நான் வைத்திருக்கும் எந்தக் கேட்லாக்கிலும் ஒரு கத்தியின் எடைக்குக் காரணம் சொல்லியிருக்கவில்லை.

இதுவரை 17 வரைந்திருக்கிறேன். அரிவாள்மனை மட்டும் நான்கு வகை. கருவாட்டுக்கு மீன் கீறும் கத்தி இரண்டு. கடலாடிப் பக்கம் கரிமூட்டத்துக்குச் சீமைக்கருவேலம் வெட்டும் அரிவாள் ஒன்று. லாரியின் வில் பட்டையில் அடித்தது, பிடியிலிருந்து மூக்கு வரை தாளில் அடங்காமல் இரண்டு தாளை ஒட்டினேன். திருப்பாச்சேத்தியில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து, தோய்ச்சல் போடும்போது, அதாவது அலகைச் சூடாக்கிப் பதம் பார்க்கும்போது, அதன் நிறம் பழுப்பிலிருந்து நீலத்துக்கு ஓடுவதைப் பார்த்தேன். எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று கேட்டு எழுதிக்கொண்டேன். பாக்குவெட்டிகள் தனி உலகம், அதை இன்னும் தொடவில்லை.

பதினெட்டாவது எதுவென்று முடிவு செய்துவிட்டேன். ஓலையில் எழுதிய காலத்தில் மடக்கெழுத்தாணி என்று ஒன்று இருந்தது. ஒரு முனையில் எழுத்தாணி, மறுமுனையில் ஓலை நறுக்கும் கத்தி, இரண்டும் பிடிக்குள் மடங்கும். இறகுப் பேனா சீவுவதற்காக வந்த பேனாக்கத்திக்கு நம் பக்கத்துச் சொந்தக்காரன் என்று எனக்குப் படுகிறது. தேவிபட்டினம் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறதாம். சரசுவதி பூசைக்கு மட்டும்தான் வெளியே எடுப்பார்கள், அன்றைக்கு வந்தால் வரையலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் கீழக்கரைப் பெரியவருக்கு அந்த 64 பக்க ஜெராக்ஸைத் தைத்து முடிக்க வேண்டும். பென்சில் எழுத்து இருக்கும் பக்கத்தை மட்டும் கலரில் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.