அறிவுரை சொல்லாத எட்டுப் பேர்: கோவையில் தொழில்முனைவோர் குழு நடத்திய அனுபவம்

கோவையில் பட்டறை வைத்திருப்பவருக்கு யோசனை சொல்ல ஆளில்லாமல் இல்லை. ஆடிட்டர் சொல்வார், மாமனார் சொல்வார், டீக்கடையில் பக்கத்து ஷெட்காரர் சொல்வார். தன் நிலைமையை முழுசாகச் சொல்லத்தான் அவருக்கு இடம் இல்லை. ஆட்களிடம் சொன்னால் வேறு வேலை தேடுவார்கள். வங்கியில் சொன்னால் கடன் லிமிட்டைக் குறைப்பார்கள். சப்ளையருக்குத் தெரிந்தால் அடுத்த லோடுக்கு ரொக்கம் கேட்பார். வீட்டில் சொன்னால் எல்லோருக்கும் தூக்கம் போகும். பேச்சை ஒழுங்குபடுத்தி நடத்தும் ஒரு நெறியாளரோடு மாதம் ஒருமுறை கூடும் சக தொழில்முனைவோர் குழு இந்த ஒரு குறைக்கு மட்டுமே மருந்து. ஆர்டர் பிடிக்கவோ ரெஃபரல் வாங்கவோ வேறு கூட்டங்கள் இருக்கின்றன. அதையும் இதையும் கலந்தால் இரண்டும் கெடும்.

முறை புதிதல்ல. 1727இல் பிலடெல்பியாவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தொழில் செய்யும் நண்பர்களைச் சேர்த்து வெள்ளிக்கிழமை மாலைகளில் கூடினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இங்கிலாந்தில் மேலாண்மை அறிஞர் ரெக் ரெவன்ஸ், நிபுணர்களை நம்பியிருக்காமல் நிலக்கரிச் சுரங்க மேலாளர்களைச் சிறு குழுக்களாக உட்காரவைத்து ஒருவர் சிக்கலை மற்றவர்கள் கேள்வி கேட்டு அலசும்படி செய்தார். அமெரிக்காவில் 1950இல் இளம் நிறுவனத் தலைவர்களுக்கான ஒய்பிஓ, 1957இல் இன்று விஸ்டேஜ் எனப்படும் அமைப்பு, 1987இல் தொழில்முனைவோருக்கான ஈஓ என்று அமைப்புகளாக இது நிலைத்தது. அவற்றில் சேரப் பெரிய விற்றுமுதலோ பெரிய கட்டணமோ வேண்டும். முறையை மட்டும் எடுத்துக்கொண்டு பத்துப் பேர் வேலை செய்யும் ஷெட்டுக்கும் பொருத்த முடியும். நாங்கள் செய்துவருவது அதுதான்.

ஆள் சேர்ப்பதில்தான் பாதி வெற்றி. எட்டுப் பேர் சரியான கணக்கு. இரண்டு பேர் வராவிட்டாலும் ஆறு பேர் மிஞ்சுவார்கள். பத்தைத் தாண்டினால் ஆளுக்கு ஐந்து நிமிடம்கூடக் கிடைக்காது. மூன்று வருடமாவது சம்பளம் போட்டுப் பார்த்தவராக இருக்கவேண்டும். விற்றுமுதலில் பெரிய இடைவெளி கூடாது. ஐந்து மடங்கை நாங்கள் எல்லையாக வைத்திருக்கிறோம். இரண்டு கோடிக்காரர் நாற்பது கோடிக்காரர் முன்னால் கடனைப் பற்றி வாய் திறக்கமாட்டார். போட்டியாளர்கள் ஒன்றாக இருக்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்குபவரும் விற்பவரும் ஒன்றாக இருந்தால் அதைவிட மோசம். பம்பு, வார்ப்படம் செய்யும் ஃபவுண்டரி, அதற்கு மாதிரி செய்துதரும் பேட்டர்ன் ஷாப், மெஷினிங் என்று ஊரே சங்கிலியாகக் கோத்துக் கிடக்கும் இடம் இது. அதனால் ஒவ்வொருவரும் தம்முடைய முதல் பத்து வாடிக்கையாளர், முதல் பத்து சப்ளையர் பெயர்களை எழுதி நெறியாளரிடம் மட்டும் கொடுக்கவேண்டும். அவர் ஒப்பிட்டுப் பார்த்துப் பிரித்துவிடுவார். உறவுமுறையும் அப்படித்தான். சம்பந்தி, பங்காளி, அப்பா மகன் யாரும் ஒரே குழுவில் வேண்டாம்.

நாள் குறிப்பது சின்ன விஷயமாகத் தெரியும். அதில் தவறினால் மூன்றாவது மாதமே பாதிப் பேர் வரமாட்டார்கள். 7ஆம் தேதி சம்பளமும் பிடித்த வரியான டிடிஎஸ்ஸும், 11ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி ஆட்களுக்கான பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டி வரி கட்டும் 3பி. கடைசி வாரம் டிஸ்பாட்ச் நெருக்கடி. மிஞ்சுவது 21 முதல் 27 வரை. பல பட்டறைகளில் வாரக்கூலி கொடுக்கும் நாள் என்பதால் சனிக்கிழமை கிடையாது. அந்த இடைவெளியில் வரும் புதன்கிழமை, மதியம் 3 முதல் 6.30 வரை என்று வைத்திருக்கிறோம். மாலை ஏழு மணிக்கு வைத்தால் வீட்டுப் பொறுப்பும் சுமக்கும் பெண் தொழில்முனைவோர் முதலில் கழன்றுகொள்வார்கள். பன்னிரண்டு மாதத் தேதியையும் முதல் கூட்டத்திலேயே குறித்துவிடவேண்டும்.

யாருடைய கம்பெனியிலும் கூடவேண்டாம். செக்கில் கையெழுத்து வாங்க யாராவது கதவைத் தட்டுவார்கள். சின்ன அறை, வட்டமாக நாற்காலி, நடுவில் மேசை கிடையாது. போன்கள் வாசலில் ஒரு பெட்டியில்.

ரகசியம் காப்பது பற்றிக் கையெழுத்து வாங்குகிறோம். கையெழுத்து மட்டும் போதாது. கெட்ட எண்ணத்தால் விஷயம் கசிவது அபூர்வம். 'பாவம், அவருக்கு உதவலாமே' என்று ஒருவர் தன் நண்பரான ஃபைனான்ஸ்காரருக்குப் போன் போடுவார், அங்கே கசியும். இரண்டு உறுப்பினர்களுக்கும் ஒரே ஆடிட்டர் இருப்பார், பேச்சுவாக்கில் கசியும். இன்னொன்றை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை: கல்யாண வீட்டில் பார்த்து, மனைவி பக்கத்தில் நிற்கும்போது, “அந்த விஷயம் என்னாச்சுங்ணா?” என்று அன்பாக விசாரிப்பது. சம்பந்தப்பட்டவரே பேச்சை எடுக்காதவரை அறைக்கு வெளியே அவரிடம்கூட அதைக் கேட்கக்கூடாது என்பதை வாய்விட்டுச் சொல்லித்தான் ஆரம்பிக்கவேண்டும்.

முதல் நாற்பது நிமிடம் சுற்று. ஆளுக்கு ஐந்து நிமிடம்: தொழில், குடும்பம், தன் உடம்பும் மனசும். ‘நல்லா போகுதுங்க’ செல்லாது. போன மாதத்தில் நடந்ததில் ரொம்ப நல்லது ஒன்று, ரொம்ப மோசமானது ஒன்று சொல்லவேண்டும். நெறியாளர் கையில் கடிகாரம் இருக்கும்.

பிறகுதான் அன்றைய முக்கிய விஷயம். ஒரு கூட்டத்துக்கு ஒருவர், எழுபத்தைந்து நிமிடம். நான்கைந்து நாள் முன்பே நெறியாளர் அவரோடு தனியாக அரைமணி நேரமாவது உட்காரவேண்டும். இதை விட்டுவிட்டால் கூட்டம் மேலோட்டமாகவே முடியும். ஒரு மெஷின் ஷாப்காரர் வருகிறார் என்று வையுங்கள். (எந்த ஒரு உறுப்பினரின் கதையும் அல்ல; திரும்பத் திரும்ப வரும் ஒரு வடிவம்.) விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனிக்கு. பணம் 120 நாள் கழித்து வருகிறது. சிறு தொழில்களுக்குப் பணம் தர வாங்குபவருக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு அவருக்குத் தெரியும்: எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள், தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவும் வைத்திருக்கிறார். தாமதப் பணத்தை விசாரிக்கும் வசதியாக்கக் கவுன்சிலில் மனுப்போட்டால் ஆர்டர் நின்றுவிடும் என்று பயம். “பார்ட்டிகிட்ட பணம் வாங்கறது எப்படி?” என்பதுதான் அவர் கொண்டுவரும் கேள்வி.

தனி உரையாடலில் நெறியாளர் கேட்கவேண்டியது மூன்றே. எத்தனை நாளாக இப்படி? இதுவரை என்ன செய்து பார்த்தீர்கள்? இது யாருக்கெல்லாம் தெரியும்? மூன்றாவது கேள்வியில் ஒரு நிமிடம் பேச்சு நிற்கும். அதை அவசரப்பட்டு நிரப்பக்கூடாது. வீட்டுப் பத்திரம் ஆறு மாதமாக அடமானத்தில் இருப்பது வீட்டில் யாருக்கும் தெரியாது என்பது அப்போதுதான் வரும். கூட்டத்தில் வைக்கவேண்டிய கேள்வி பார்ட்டியைப் பற்றியது அல்ல என்று அவருக்கே புரியும்.

கூட்டத்தில் அவர் பதினைந்து நிமிடம் பேசுவார். அடுத்த பதினைந்து நிமிடம் விவரக் கேள்விகள் மட்டும். ‘ஏன் முன்னாடியே கவனிக்கல?’ என்பது கேள்வி வேடத்தில் வரும் குற்றச்சாட்டு; நெறியாளர் தடுத்துவிடவேண்டும். பிறகு ஒவ்வொருவராகச் சொல்வார்கள். விதி ஒன்றுதான்: வாக்கியம் ‘நான்’ என்று தொடங்கவேண்டும், நடந்ததைச் சொல்லவேண்டும். “மொதல்ல வீட்ல சொல்லிப்போடோணுமுங்க” என்று யாராவது ஆரம்பித்தால், நெறியாளர், “உங்களுக்கு அப்படி நடந்திருக்குங்களா?” என்று கேட்பார். நடந்திருந்தால் பேச்சே மாறிவிடும். எந்த நாள், எந்த வார்த்தையில் சொன்னார், மனைவி என்ன கேட்டார், நகையை எப்போது மீட்டார் என்று வரும். நடக்கவில்லையென்றால் அவர் அமைதியாக இருக்கலாம். அறிவுரை சொன்னால் அதைக் கேட்பவர் தற்காப்புக்குப் போவார், ‘என் நிலைமை வேற’ என்பார். அடுத்தவர் பட்ட பாட்டைக் கேட்கும்போது தற்காத்துக்கொள்ள எதுவும் இருக்காது. இந்த ஒரு விதியைக் காப்பாற்றத்தான் வெளியிலிருந்து, சம்பளம் கொடுத்து, ஒரு நெறியாளர் தேவை. உறுப்பினரே நெறியாளராக இருந்தால் நண்பரை நடுவில் நிறுத்தச் சங்கடப்படுவார். நெறியாளரே கன்சல்டன்ட் ஆகித் தீர்வு சொல்ல ஆரம்பித்தால் எட்டுப் பேரும் மாணவர்களாகிவிடுவார்கள். குழு செத்ததே தெரியாமல் கூட்டம் நடந்துகொண்டிருக்கும்.

குழுவை உடைப்பது பெரும்பாலும் பணம். கைமாற்று, சீட்டு, ஜாமீன் கையெழுத்து, இன்சூரன்ஸ் பாலிசி எதுவும் உறுப்பினர்களுக்குள் கூடாது. கடன் கொடுத்தவர் முன்னால் வாங்கியவர் உண்மை பேசமாட்டார். தவறான தகவலை வைத்து மற்ற ஆறு பேரும் தங்கள் அனுபவத்தைக் கொட்டிக்கொண்டிருப்பார்கள். வாட்ஸ்அப் குழு தேதியும் இடமும் சொல்ல மட்டும். தொடர்ந்து இரண்டு கூட்டம் வராதவரிடம் நெறியாளர் தனியாகப் பேசவேண்டும். நிலைமை மோசமானவர்தான் வெட்கப்பட்டு வராமல் இருப்பார். ஒழுங்கு நடவடிக்கை என்று இறங்கினால் குழு அதிகம் தேவைப்படும் நேரத்தில் அவரை இழப்போம்.

குழு வைத்தியம் அல்ல. ‘நான் இல்லாம போனா எல்லாம் சரியாயிரும்’ என்ற மாதிரி ஒரு வாக்கியம் வந்தால் நிகழ்ச்சிநிரல் அங்கேயே நிற்கவேண்டும். நெறியாளர் அவரைத் தனியாக அழைத்து, தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேட்கவேண்டும். கேட்பதால் எண்ணம் வளராது. அன்று அவர் தனியாக வண்டி ஓட்டிப் போகக்கூடாது. அவர் ஒப்புக்கொள்ளும் குடும்பத்தாரை வரவழைக்கவேண்டும். மனநல உதவிக்கான டெலிமானஸ் 14416, தமிழ்நாட்டின் சுகாதார உதவி எண் 104 இரண்டும் ஒவ்வொருவர் போனிலும் முதல் கூட்டத்திலேயே பதிவாகியிருக்கவேண்டும். உயிர் ஆபத்து வரும்போது ரகசிய விதி பொருந்தாது என்பதையும் அன்றே சொல்லிவிடவேண்டும்.

கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் முக்கிய விஷயம் வைத்தவருக்கு. கேட்டதில் எதை எடுத்துக்கொள்கிறார், எதைச் செய்யப்போகிறார், எந்தத் தேதிக்குள் என்று அவரே ஒரு தாளில் எழுதி நெறியாளரிடம் கொடுப்பார். ‘பார்க்கிறேன்’ எழுதக்கூடாது. ‘ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அவகிட்ட சொல்றேன்’ என்று எழுதலாம். அடுத்த மாதச் சுற்று அவரிடமிருந்துதான் ஆரம்பிக்கும். சொல்லவில்லையென்றால் யாரும் கடிந்துகொள்வதில்லை. அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்துப் புதுத் தேதி எழுதச் சொல்கிறோம்.