ஐஸ் பாக்கிக்கு ஒரு ஃபார்முலா

ஏப்ரல் 3, 2025, வியாழன்

கடலூர் முதுநகரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படகுக்கு ஐஸ் கடனாகப் போனால் 15 நாள் தவணை. தவணை தாண்டியவர் யார் என்று தினமும் நோட்டைப் புரட்ட வேண்டியிருக்கிறது. எக்ஸெலில் உள்ள பில்களைப் பவர் ஆட்டோமேட் (வேலைகளைத் தானாகச் செய்யும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள்) பார்த்து, காலை 5 மணிக்கு முதலாளிக்கு மெயிலில் பட்டியல் அனுப்பினால் போதும் என்று ஆரம்பித்தேன்.

இணைப்பு வேலை அரை நாளில் முடிந்தது. ஆனால் பில் தேதி 45743 என்று வந்து நிற்கிறது. எக்ஸெல் தேதியை நாள் எண்ணிக்கையாகத்தான் வைத்திருக்கிறது; மார்ச் 27 அதற்கு 45743. வரிசைகளை எடுக்கும் படியிலேயே தேதி வடிவத்தை ஐஎஸ்ஓ 8601 (வருடம், மாதம், நாள் என்ற வரிசை) என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. 'ஆட் டேஸ்' போட்டு 15 சேர்த்தேன்.

ஏப்ரல் 5, சனி

மார்ச் 31-உடன் தவணை முடிந்த ஒரு பாக்கி பட்டியலில் வரவில்லை. ஒரு மணி நேரம் தேடினேன். முதலாளி படிக்க வசதியாக நாள், மாதம், வருடம் என்ற வரிசையில் தேதியை மாற்றி, அதையே ஒப்பிடவும் வைத்திருந்தேன். ஃபார்முலாவுக்கு அது தேதி அல்ல, வெறும் எழுத்துச் சரம். இடமிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பார்க்கும். '31-03-2025' மூன்றில் தொடங்குகிறது, இன்றைய '05-04-2025' பூஜ்யத்தில். அதனால் மார்ச் 31 இன்னும் வரவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டது. வருடத்தை முதலில் வைத்து '2025-03-31' என்று எழுதினால் எழுத்து வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். இனி ஒப்பிடுவது அப்படித்தான். முதலாளிக்குக் காட்டும் வடிவம் கடைசிப் படியில் மட்டும்.

ஏப்ரல் 7, திங்கள்

இப்போதைய நேரத்துக்காக நான் போட்ட 'யுடிசி நவ்' தருவது நம் நேரம் அல்ல, உலகப் பொது நேரம். நமக்குக் காலை 5 மணி என்றால் அந்தக் கணக்கில் முந்தைய நாள் இரவு 11.30. பட்டியல் ஒரு நாள் பின்தங்கியதற்குக் காரணம் அதுதான். நேரத்தை இந்தியா ஸ்டாண்டர்டு டைமுக்கு மாற்றினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

ஐஸ் எடுக்க வந்த விசைப்படகுக்காரர் ஒருவர் தன் பில்லில் தவணை ஏப்ரல் 20 என்று இருப்பதைப் பார்த்தார். "தம்பி, பதினஞ்சாந்தேதியிலேருந்து தடை. இருபதாந்தேதி வந்து கேட்டா நான் எங்கேருந்து குடுப்பேன்?"

பதில் சொல்ல முடியவில்லை. மாலையில் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்தேன். எனக்கு முன்பு கணக்கு எழுதிய பெரியவர், ஏப்ரல் பக்கங்களில் விசைப்படகுப் பெயர்களின் ஓரத்தில் பென்சிலால் 'த.கா.' என்று சின்னதாக எழுதியிருக்கிறார். விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலம். அந்தப் பெயர்களில் அடுத்த வரவு ஜூன் கடைசியில்தான் இருக்கிறது. நோட்டுக்குத் தெரிந்தது என் ஃபார்முலாவுக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று முழுக்க 'இஃப்' நிபந்தனைதான். தவணை நாள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்குள் விழுந்தால் 61 நாள் சேர்க்க வேண்டும். ஏப்ரல் 5 பில்லுக்குத் தவணை ஏப்ரல் 20. தடைக்கு முன் 10 நாள் ஓடிவிட்டது, மீதி 5 நாள் ஜூன் 15-க்குப் பிறகு ஓடும். 61 சேர்த்தால் ஜூன் 20. கை விட்டு எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

ஆனால் ஃபைபர் படகுகளுக்குத் தடை இல்லை. அவர்கள் கடலுக்குப் போவார்கள், ஐஸும் வாங்குவார்கள். ஆகவே படகு வகையும் 'அண்ட்' நிபந்தனைக்குள் வந்தது. அப்புறமும் நான்கு விசைப்படகுகள் தப்பின. எக்ஸெலில் 'விசைப்படகு' என்று எழுதி ஒரு இடைவெளி விட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது, ஃபார்முலாவுக்கு அது வேறு சொல். ஓரத்து இடைவெளியை நீக்கும் 'டிரிம்' போட்டேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

தேதிகளை ஃபார்முலாவுக்குள் எழுதி வைத்தது உறுத்திக்கொண்டே இருந்தது. 2020-இல் கொரோனா சமயத்தில் தடையை மே 31-உடன் முடித்து 47 நாளாகக் குறைத்தார்கள். அதற்கும் முன்னால் 45 நாளாக இருந்தது. தொடக்கம், முடிவு, நாள் எண்ணிக்கை மூன்றையும் எக்ஸெலில் தனி அட்டவணையில் வைத்தேன். எனக்குப் பின் வருபவர் அந்த மூன்று கட்டங்களை மாற்றினால் போதும்.

ஏப்ரல் 15, செவ்வாய்

உப்பனாற்றில் விசைப்படகுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. 5 மணிப் பட்டியல் வந்தது. அந்த அண்ணன் பெயர் இல்லை. எக்ஸெலில் அவர் வரிசையில் 2025-06-20. ஆனால் தடைக்கு முன்பே தவணை தாண்டிய மூன்று விசைப்படகுகள் பட்டியலில் இருந்தன. முதலாளியிடம் காட்டினேன். "அவங்களையும் ஜூன் வரைக்கும் விட்டுடு, கடலுக்குப் போனா குடுத்துருவாங்க" என்றார். அதற்கு இன்னொரு 'இஃப்' வேண்டும். மாலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.