குறுகலில் விழும் மின்துடிப்பு

இன்று மதியம் நுண்ணோக்கியில் கண் வைத்தபோது, தலைமுடி அகலமே உள்ள கால்வாயில் செல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

நடுவில் கால்வாய் சட்டென்று குறுகுகிறது. செல்லுக்குள் மரபணு போன்றவற்றை நுழைக்க, அங்கேதான் மின்துடிப்பு கொடுத்து அதன் சவ்வில் துளை திறக்கிறோம். அதுவரை மங்கலாக இருந்த செல், குறுகலைத் தாண்டியதும் மெல்லச் சிவப்பாக ஒளிர்கிறது.

வெளியே நின்ற சாயம் உள்ளே நுழைந்து டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டதன் அடையாளம்!

செல் சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான். ஆனாலும் பெரிய மூலக்கூறுகளை லேசில் உள்ளே விடாது. அதன் இருபுறமும் ஒரு வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் விழுந்தால் நுண்துளைகள் திறக்கும். துடிப்பு நின்றதும் தானே மூடிக்கொள்ளும். மின்புலம் கூடிப்போனால் மூடாது, செல் செத்துவிடும்.

1982-இல் எலி செல்களுக்குள் இப்படித்தான் மரபணுவைச் செலுத்திக் காட்டினார்கள்.

வழக்கமாகப் பயன்படுத்தும் குவெட்டில், அதாவது செல் கரைசலை ஊற்றும் சிறு குப்பியில், மின்முனைகளுக்கு நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. அதனால் நூற்றுக்கணக்கான வோல்ட் கொடுக்க வேண்டும். அப்புறம் சூடு, குமிழி எல்லாம் வரும். நுண்கால்வாயில் மின்புலம் குறுகலில் குவிவதால் குறைந்த வோல்ட்டே போதும்.

அடைப்புதான் தலைவலி. இரண்டு செல் ஒட்டிக்கொண்டு வந்தால் போச்சு.

நோயெதிர்ப்பு செல்களான டி-செல்களை மாற்றி நோயாளிக்குச் செலுத்தும் டி-செல் சிகிச்சைக்கோ கோடிக்கணக்கில் செல்கள் வேண்டும். ஒற்றை வரிசையில் அனுப்பினால் எப்போது முடிப்பது? அதனால்தான் பல கால்வாய்களைப் பக்கத்துப் பக்கத்தில் அமைக்கிறார்கள். என்னைக் கேட்டால், துளை திறப்பதைவிட இந்த அடைப்பைச் சமாளிப்பதுதான் இனிப் பெரிய வேலை.